ஊரே துண்டிக்கப்பட்ட நேரத்தில் எச்சரிக்கை எந்த வழியாக வரும்? ஒரு மலைக் கவுண்டிக்கான ஒப்பீடு

2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் சூறாவளியின் மழை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்கு மலைகளில் கொட்டித் தீர்த்தது. சாலைகள் அடித்துச் செல்லப்பட்டன. அவற்றின் ஓரமாகப் போன கண்ணாடி இழை கேபிள்களும் அறுந்தன. மின்சாரம் போனது; செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. தேசியச் சுற்றுச்சூழல் தகவல் மையம் ஆஷ்வில் நகரில்தான் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய வானிலைத் தரவுக் களஞ்சியங்களில் ஒன்றான அதுவே வெளியுலகத் தொடர்பு இல்லாமல் பல நாட்கள் முடங்கிக் கிடந்தது. மலைக் கிராமங்கள் பலவற்றுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது மவுண்ட் மிட்செல் சிகரத்து அமெச்சூர் வானொலி ரிப்பீட்டர் (சமிக்ஞையை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் கருவி) வழியாகத்தான்.

அப்படிப்பட்ட ஒரு மலைக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பேரிடர் மேலாண்மைக்குப் பொறுப்பான அலுவலர் எதிர்கொள்ளும் கேள்வியைப் பற்றியது இந்தக் கட்டுரை. தேசிய வானிலை சேவை எச்சரிக்கை வெளியிட்டால் அது அவர் மேசைக்கு வந்தாக வேண்டும், அதுவும் ஊரில் வேறு எதுவும் இயங்காத வேளையில். இதற்காகவே 1990களிலிருந்து எம்வின் என்ற ஒலிபரப்பு அமெரிக்காவின் கோஸ் வரிசை வானிலைச் செயற்கைக்கோள்கள் வழியாக நடந்து வருகிறது. பேரிடர் மேலாளர்களை மனத்தில் வைத்தே தொடங்கப்பட்ட சேவை அது. கட்டணம் கிடையாது, கடவுச்சொல் கிடையாது. வானத்தை நோக்கி ஆன்டெனா வைத்திருக்கும் எவரும் பெறலாம். பழைய எம்வின் ரிசீவர் பயனற்றுப் போய்விட்ட ஓர் அலுவலகம் அதற்குப் பதிலாக எதை வாங்குவது? கைவசம் இருக்கும் வழிகள் நான்கு: புதிய எம்வின் ரிசீவர், பெரிய டிஷ் தேவைப்படும் நோவாபோர்ட் என்ற ஒலிபரப்பு, தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள் இணையம், நோவா (அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பு) வானிலை வானொலி.

என் தேர்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மென்பொருளில் இயங்கும் புதிய எம்வின் ரிசீவரை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதன் மேல் செயற்கைக்கோள் இணையத்தைச் சேர்க்க வேண்டும். எந்த வழி அதிகத் தகவல் தருகிறது என்று பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. எந்த வழி உங்கள் மாவட்டத்து மண்ணில் இருக்கும் கம்பி, கோபுரம், மின்நிலையம் எதையும் நம்பாமல் இயங்குகிறது, அதை யார் பராமரிக்கப் போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்டேன்.

பழைய ரிசீவர்கள் ஏன் பயனற்றுப் போயின என்பதைத் தெரிந்துகொள்ளாமல் புதியதை வாங்கக் கூடாது. தொடக்க கால எம்வின் 1690.725 மெகாஹெர்ட்ஸில், விநாடிக்கு 9,600 பிட் என்ற வேகத்தில் வந்தது. 2010 ஏப்ரலில், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைப் பார்க்கும் கிழக்குப் பக்கச் செயற்கைக்கோளாக கோஸ்-13 பொறுப்பேற்றபோது அலைவரிசை 1692.7 மெகாஹெர்ட்ஸுக்கு மாறியது. வேகம் 19,200 பிட் ஆனது. அலையில் தரவை ஏற்றும் முறையும் (பண்பேற்றம்) மாறியது. அன்றோடு முதல் தலைமுறைப் பெட்டிகள் மூலைக்குப் போயின. 2017 டிசம்பரில் கோஸ்-16 அந்த இடத்துக்கு வந்தபோது மீண்டும் மாற்றம். இப்போது எம்வின் தனி ஒலிபரப்பாக வருவதில்லை. செயற்கைக்கோள் படங்களைச் சுமந்து வரும் எச்ஆர்ஐடி என்ற ஒலிபரப்போடு அது ஒன்றாக இணைக்கப்பட்டு, 1694.1 மெகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 4 லட்சம் பிட் வேகத்தில் வருகிறது. இரண்டாம் தலைமுறைப் பெட்டிகளும் மூலைக்குப் போயின. எட்டு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை புதிதாக வாங்கச் சொன்னால் ஒரு சிறிய கவுண்டியின் நிதிக் குழு என்ன சொல்லும்? பல இடங்களில் ‘இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற முடிவுக்கு இது இட்டுச் சென்றிருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த முடிவுதான் எனக்குக் கவலை தருகிறது.

ஆனால் அந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1690.725, 1692.7, 1694.1. மொத்த வேறுபாடு நான்கு மெகாஹெர்ட்ஸ் கூட இல்லை. முதல் நாள் நட்ட கம்பமும் டிஷ்ஷும் மூன்று தலைமுறைக்கும் பொருந்தும். மாறியதெல்லாம் சமிக்ஞையைப் பிரித்துப் படிக்கும் முறை மட்டுமே. அந்த வேலையை மூடிய பெட்டிக்குள் வைத்து வாங்கினால் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டும். மென்பொருளில் வைத்துக்கொண்டால் மென்பொருளை மட்டும் புதுப்பித்தால் போதும். கோஸ்-19 இந்த வரிசையின் கடைசிச் செயற்கைக்கோள். 2025 ஏப்ரலில் கிழக்குப் பக்கப் பொறுப்பை ஏற்றது. அடுத்த தலைமுறை 2030களில் வர இருக்கிறது. அப்போதும் ஒலிபரப்பு முறை மாறக்கூடும் என்று எதிர்பார்த்தே இன்றைக்குச் செலவு செய்வது நல்லது.

புதிய எம்வினின் உள்ளடக்கம் பழையதைப் போல வெறும் எழுத்துச் செய்தி அல்ல. ஒரு மெகாபைட் அளவுள்ள படம் 9,600 பிட் வேகத்தில் இறங்க ஏறத்தாழ பதினான்கு நிமிடம் ஆகும். 4 லட்சம் பிட் வேகத்தில் இருபது விநாடி. அதனால் பூமியின் முழு வட்டப் படம், ரேடார் படம், வரைபடங்கள் எல்லாம் அதே ஓடையில் வருகின்றன. எச்சரிக்கைகளுக்கு வரிசையில் முன்னுரிமை உண்டு; டொர்னாடோ எச்சரிக்கை படங்களுக்குப் பின்னால் காத்து நிற்பதில்லை. பலரும் கவனிக்காத இன்னொன்றும் இதில் இருக்கிறது. ஆற்று ஓரங்களில் நிற்கும் நீர்மட்ட அளவுகோல்கள் தங்கள் அளவீடுகளைக் கோஸ் செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. அந்தத் தரவும் எச்ஆர்ஐடி ஓடையில் திரும்பிக் கீழே வருகிறது. மலை மேல் பெய்த மழை பள்ளத்தாக்கு ஊருக்கு வந்து சேர எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை, இணையம் அறுந்த பின்னும், ஆற்றின் மேல்பகுதியில் உள்ள அளவுகோலைப் பார்த்துக் கணிக்க முடியும். ஹெலீன் வெள்ளத்தில் ஆஷ்வில் அருகே பிரெஞ்சு பிராட் ஆறு 1916ஆம் ஆண்டின் உச்ச மட்டத்தையும் தாண்டியது. அப்படிப்பட்ட ஆற்றோரத்தில் இருப்பவருக்கு இந்த ஒரு வசதிக்காகவே எச்ஆர்ஐடியைப் பரிந்துரைப்பேன்.

ஆஷ்வில்லில் நின்றுகொண்டு ஆன்டெனாவை எங்கே திருப்ப வேண்டும் என்று கணக்கிட்டால், தெற்கிலிருந்து பன்னிரண்டு பாகை கிழக்காகவும் அடிவானத்திலிருந்து 48 பாகை மேலாகவும் வருகிறது. அந்த உயரம் மலைப் பகுதிக்குப் பெரிய வரம். எதிரே மலைமுகடு இருந்தாலும் பெரும்பாலும் மறைக்காது. மரக்கிளைகள் மட்டுமே தொல்லை, அதிலும் நனைந்த இலைகள். ஒரு மீட்டர் அகலமுள்ள கம்பி வலை டிஷ் போதும். இந்த அளவு டிஷ்ஷுக்கு இந்த அலைவரிசையில் கற்றையின் அகலம் ஏறத்தாழ 12 பாகை. காற்று அடித்து டிஷ் மூன்று பாகை திரும்பிவிட்டாலும் சமிக்ஞை கொஞ்சம் குறையுமே தவிர அறுந்துபோகாது. வலை என்பதால் காற்றும் ஊடே போய்விடும். செயற்கைக்கோளின் அலை நேர்கோட்டு முனைவாக்கம் கொண்டது, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிர்வது. ஆகவே டிஷ்ஷின் நடுவில் நிற்கும் ஏற்பியைப் பத்துப் பாகை அளவுக்குச் சாய்த்து வைக்க வேண்டும். முதல் முறை நிறுவுபவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தச் சாய்வைத்தான்.

டிஷ்ஷுக்குக் கீழே ஒரு சிறிய பெருக்கி, அதனுடன் சேர்ந்த அலைவடிகட்டி, யுஎஸ்பியில் செருகும் மென்பொருள் ரேடியோ, ராஸ்பெர்ரி பை என்ற சிறிய மலிவுக் கணினி ஒன்று. கோஸ்டூல்ஸ், சாட்டம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் சமிக்ஞையைப் பிரித்து, எம்வின் கோப்புகளையும் படங்களையும் தனித்தனிக் கோப்புறைகளில் போட்டுவிடும். எல்லாம் சேர்ந்து சில நூறு டாலருக்குள் அடங்கும். மொத்த மின்தேவை பத்து வாட் அளவு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலே அறுபது மணி நேரம் ஓடும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரச் சாலையே இல்லாத இரண்டு நாட்களை அது தாங்கும்.

இதே சமிக்ஞையை வாங்கும் ஆயத்த நிலையங்களும் கிடைக்கின்றன. பல மடங்கு விலை; பதிலுக்கு உத்தரவாதம், நிறுவிக் கொடுக்கும் ஆள், பழுதானால் அழைக்க ஒரு தொலைபேசி எண். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அலுவலகத்தில் தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒருவரும் இல்லையென்றால், சில நூறு டாலர் கருவி ஆறு மாதத்தில் தூசி படிந்து நிற்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அமெரிக்கக் கவுண்டிகள் பலவற்றில் அமெச்சூர் வானொலிக் குழுக்கள் பேரிடர் அலுவலகத்தோடு ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்கின்றன. கோஸ் படங்களை வீட்டு முற்றத்திலிருந்து இறக்குவது அவர்களில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அப்படி ஒரு குழு இருக்கும் இடத்தில், ஆயத்த நிலையம் ஒன்றுக்கு ஆகும் தொகைக்குள் மென்பொருள் நிலையங்கள் இரண்டை அமைத்து, ஒன்றைக் கட்டுப்பாட்டு மையத்திலும் மற்றொன்றைத் தீயணைப்பு நிலையத்திலும் வைப்பதே மேல். ஒரு கட்டடத்தில் வெள்ளம் புகுந்தாலும் மற்றொன்று இருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது ஒருவழிப் பாதை. ஒரு கோப்பு சிதைந்து வந்தால் ‘மறுபடி அனுப்பு’ என்று கேட்க முடியாது. பிழை திருத்தும் குறியீடுகள் வலுவாகவே இருக்கின்றன என்றாலும் இது மனத்தில் இருக்க வேண்டும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நாட்களில், நாளுக்குச் சில நிமிடம் சமிக்ஞை தடுமாறும். விர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவில் இருக்கும் தரை நிலையம்தான் தரவை மேலே ஏற்றுகிறது. மேற்கு விர்ஜீனியாவின் ஃபேர்மாண்டில் அதற்கு மாற்று நிலையம் உண்டு. வானிலை சேவையின் சொந்த வலையமைப்பே செயலிழந்தால் இந்த வழியும் வெறுமையாகிவிடும். அதை எந்தக் கவுண்டியும் தன் பணத்தால் சரிசெய்ய முடியாது.

அடுத்தது நோவாபோர்ட். வானிலை முன்னறிவிப்பு அலுவலகங்கள் தாங்களே நம்பியிருக்கும் ஓடை இது. ரேடார்களின் பதப்படுத்தப்பட்ட தரவு, கணினி மாதிரிகளின் முடிவுகள், எல்லா மாநிலங்களின் எச்சரிக்கைகள் என விநாடிக்குப் பல பத்து மெகாபிட் இறங்கிக்கொண்டே இருக்கும். எம்வினில் வருவது ரேடாரின் படம். நோவாபோர்ட்டில் வருவது ரேடாரின் தரவு. படத்தில் சிவப்பாகத் தெரிவதற்கும், தரவைத் திறந்து பல சாய்வுக் கோணங்களில் காற்றின் திசைவேகத்தைப் பார்ப்பதற்கும் மலையளவு வித்தியாசம் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்த வானிலையாளர் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. சிறிய கவுண்டிகளில் இருக்க மாட்டார். இரண்டு பேர் இருக்கும் அலுவலகத்தில் ஒருவர் தீயணைப்பு வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்.

தொழில்நுட்பத்திலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நோவாபோர்ட் வருவது சி-பேண்ட் என்ற அலைவரிசைப் பட்டையில். மழை அதை அதிகம் பாதிக்காது, அது நல்லதே. ஆனால் மூன்று மீட்டர் அளவிலான டிஷ் வேண்டும். அதன் கற்றையின் அகலம் இரண்டு பாகைக்கும் குறைவு. சூறாவளிக் காற்றில் அந்தப் பெரிய தட்டு இரண்டு பாகை திரும்பினால் சமிக்ஞை ஏறத்தாழ முழுவதும் கைவிட்டுப்போகும். புயலுக்கு நடுவில் கூரை மேல் ஏறி அதைச் சரிசெய்யப் போவது யார்? போதாக்குறைக்கு, 2020இல் அமெரிக்காவின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் சி-பேண்டின் கீழ்ப் பகுதியை, 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ் வரை, 5ஜி சேவைகளுக்கு ஒதுக்கிவிட்டது. அருகில் ஒரு கோபுரம் எழும்பினால் ரிசீவருக்குத் தனி வடிகட்டி போட வேண்டியிருக்கும். எம்வின் வரும் எல்-பேண்டும் முழுப் பாதுகாப்பில் இருப்பதாகச் சொல்ல முடியாது. 1675 முதல் 1680 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத் தனியார் சேவையுடன் பகிர்ந்துகொள்வது பற்றி 2019இல் அதே ஆணையம் கருத்துக் கேட்டது. எம்வின் இருக்கும் 1694 சற்றே தள்ளி இருப்பதால் நல்ல வடிகட்டி போதுமானது.

மூன்றாவது வழி பலருக்கும் முதலில் தோன்றுவது: ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் இணையம். ஹெலீனுக்குப் பிறகு மலைப் பகுதிகளுக்கு இந்த முனையங்கள் கொண்டுபோகப்பட்டு, மீட்புப் பணிக்கு உண்மையிலேயே கைகொடுத்தன. இருவழித் தொடர்பு என்பது எம்வினால் ஒருபோதும் தர முடியாத ஒன்று. வானிலை சேவை தன் எச்சரிக்கைகளை உடனுக்குடன் அனுப்பும் வெதர் வயர் சேவையில் இப்போது இணையம் வழி இணைப்பும் உண்டு. எச்சரிக்கை வெளியான சில விநாடிகளில் வந்துவிடும். முன்னறிவிப்பாளரோடு நேரடியாக உரையாடலாம், உதவி கேட்கலாம், படம் அனுப்பலாம். சாதாரண நாளில் இதைவிட நல்ல வழி இல்லை.

இதை மட்டுமே நம்ப வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் மழையும் மின்சாரமும். இந்த முனையங்கள் பயன்படுத்தும் கு-பேண்ட் அலைகளைக் கனமழை விழுங்கும். எச்சரிக்கை மிக அவசியமாகத் தேவைப்படும் அரைமணி நேரமும் மழை மிகக் கடுமையாகப் பெய்யும் அரைமணி நேரமும் பெரும்பாலும் ஒன்றுதான். எல்-பேண்டுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. முனையம் அறுபது வாட் அளவில் மின்சாரம் எடுக்கும். எம்வின் நிலையத்தை அறுபது மணி நேரம் ஓட்டும் அதே பேட்டரி இதைப் பத்து மணி நேரம்தான் ஓட்டும். மாதச் சந்தா வேறு. அமைதியான ஆண்டுகளில் நிதி வெட்டு வரும்போது, ‘யாரும் பயன்படுத்தாத இணைப்பு’ என்று முதலில் நிறுத்தப்படுவது இப்படிப்பட்ட சந்தாக்கள்தான். எம்வினில் நிறுத்துவதற்குச் சந்தாவே இல்லை.

நோவா வானிலை வானொலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிபரப்பிகள், 162 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஏழு அலைவரிசைகள், சில பத்து டாலருக்கு ரிசீவர். ஒவ்வொரு பள்ளியிலும் முதியோர் இல்லத்திலும் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு மையத்திலும் ஒன்று இருக்கட்டும். ஆனால் முன்னறிவிப்பு அலுவலகத்திலிருந்து மலை உச்சி ஒலிபரப்பி வரை போகும் தொடர்பு பெரும்பாலும் தரைவழிதான். அது அறுந்தால் வானொலி மௌனமாகிவிடும். மேலும் 2007 அக்டோபரிலிருந்து எச்சரிக்கைகள் கவுண்டி எல்லைப்படி அல்லாமல், புயல் போகும் பாதையைச் சூழ்ந்த பலகோணமாக வெளியிடப்படுகின்றன. வானொலி மணி அடிப்பதோ கவுண்டி அளவில். எம்வினில் வரும் எழுத்துச் செய்தியின் கடைசியில் அந்தப் பலகோணத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கின்றன. எந்தப் பள்ளத்தாக்கு உள்ளே, எந்தப் பள்ளத்தாக்கு வெளியே என்று மென்பொருளே வரைந்து காட்டிவிடும். மலை நாட்டில் ஒரு கவுண்டியின் மேற்கு முனை மூழ்கும்போது கிழக்கு முனையில் வெறும் தூறல் இருக்கலாம். முழுக் கவுண்டியையும் திரும்பத் திரும்ப எழுப்பினால் மூன்றாவது முறை யாரும் எழ மாட்டார்கள்.

2017 செப்டம்பரில் மரியா சூறாவளி பியூர்டோ ரிகோவைத் தாக்கியபோது நடந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். காயே மலையில் இருந்த வானிலை ரேடார் அழிந்தது. தீவின் செல்போன் நிலையங்களில் 95 சதவீதம் செயலிழந்தன. உள்ளூர் ரேடாரே இல்லாதபோது செயற்கைக்கோள் படம்தான் கண். எச்ஆர்ஐடி ஓடையில் அந்தப் படம் எச்சரிக்கையோடு சேர்ந்தே வருகிறது. பழைய எம்வினில் இருந்த எளிமைக்காக ஏங்குபவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது: இரண்டு ஒலிபரப்புகளை ஒன்றாக்கியது ரிசீவரைக் கடினமாக்கியது உண்மை, ஆனால் மரியா போன்ற நாளில் அந்த இணைப்பு கொடுப்பது அதிகம்.

எந்த வழியை வாங்கினாலும் அதோடு வாங்க வேண்டிய ஒரு பொருள் சத்தமான ஒலிப்பான். 2025 ஜூலை 4 அன்று டெக்சாஸின் கெர் கவுண்டியில் குவாடலூப் ஆற்று வெள்ளத்துக்கான திடீர் வெள்ள எச்சரிக்கை வெளியானது அதிகாலை 1.14 மணிக்கு. அந்த நேரத்தில் அலுவலகங்கள் பூட்டியிருக்கும். கோப்புறையில் வந்து விழுந்த கோப்பு யாரையும் எழுப்பாது. ராஸ்பெர்ரி பை கணினியில் சில வரி நிரல் எழுதினால், பலகோணத்துக்குள் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி வரும்போது மணி அடிக்கவும், அமெச்சூர் வானொலி வழியாகப் பணியில் இருப்பவரின் கைக்கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பவும் வைக்கலாம். அதே நிரல், பத்து நிமிடமாக ஒரு கோப்பும் வரவில்லையென்றாலும் மணி அடிக்க வேண்டும். எம்வின் ஓடை எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதால் மௌனமே பழுதின் அறிகுறி. இப்படித் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வசதி மற்ற வழிகளில் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

செலவு வரிசை என்று கேட்டால், முதலில் கம்பத்துக்கும், நீர் புகாத கேபிள் இணைப்புக்கும், இடிதாங்கி நிலத்தொடர்புக்கும் தாராளமாகச் செலவிடுங்கள். இவை அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள் வந்த பிறகும் பெரும்பாலும் நிற்கும். பிறகு மென்பொருள் ரிசீவர் இரண்டு, பேட்டரி, சிறிய சூரிய மின்பலகை. அதன் பின் செயற்கைக்கோள் இணையம். நோவாபோர்ட்டுக்கான பணத்தை அதற்குப் பிறகும் யாராவது ஒதுக்க முன்வந்தால், அதைப் பயிற்சிக்கும் ஒலிப்பான்களுக்கும் திருப்பிவிடச் சொல்வேன்.

இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தாது. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் பெரிய கடலோர நகரம், சொந்தமாக வானிலையாளரை வைத்திருக்கும் மாநிலக் கட்டுப்பாட்டு மையம், விமான நிலையம் போன்றவற்றுக்கு நோவாபோர்ட் சரியான தேர்வு. அவர்களிடம் தரவைப் படிக்க ஆளும் டிஷ்ஷைப் பிடித்து நிறுத்தக் கான்கிரீட்டும் இருக்கும். அங்கேகூட ஜன்னலுக்கு வெளியே அந்த ஒரு மீட்டர் வலை டிஷ் ஒன்றையும் சேர்த்து மாட்டச் சொல்வேன். பெரிய டிஷ் திரும்பிப்போனால் சரிசெய்யும் வரை எச்சரிக்கை அதில் வந்துகொண்டிருக்கும்.